ஐயா காலத்து ஆம்ப்பில் நன்றாகப் பாடும் வால்வு பிரீ-ஆம்ப், புது ஆம்ப்பில் முனகுவது ஏன்?

பள்ளத்தூரான் (வெள்ளி, இரவு 9:40)

வணக்கம். வால்வு (வெற்றிடக் குழாய்) விஷயத்தில் நான் கத்துக்குட்டி. ஊர் வீட்டில் இரண்டாம் கட்டுச் சாமான் அறையில் ஐயா வாங்கிய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று கிடந்தது. காரைக்குடியில் ஒருவரிடம் கொடுத்துக் கண்டன்சர் எல்லாம் மாற்றி உயிர்ப்பித்தேன். அந்த ஆசையில் வால்வு பிரீ-ஆம்ப் (பவர் ஆம்ப்புக்கு முன்னால் நின்று சிக்னலைப் பெருக்குவது) ஒன்றும் நானே கட்டினேன். ஒரே ஒரு ஈசிசி83 வால்வு. அதற்குள் இரண்டு டிரையோடு, அதாவது மூன்று முனை (பிளேட், கிரிட், கேத்தோடு) வால்வு, இருப்பதால் இடது சேனலுக்கு ஒரு பாதி, வலதுக்கு ஒரு பாதி.

பழைய புத்தகத்துச் சர்க்யூட்தான். 250 வோல்ட் சப்ளை, பிளேட்டில் 100 கிலோ ஓம், கேத்தோடில் 1.5 கிலோ ஓம், அதற்கு இணையாக 22 மைக்ரோ ஃபாரட், வெளியே போகும் வழியில் 0.1 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர். உள்ளே வரும் வழியில் வால்யூம் கன்ட்ரோல், பழைய ரேடியோவில் கழற்றிய 500 கிலோ ஓம். பாட்டு சிடி பிளேயரிலிருந்து.

ஐயாவின் ஆம்ப்பில் மாட்டினால் குமிழைக் கொஞ்சம் திருப்பினாலே வளவு முழுக்க நிறைகிறது. ஆனால் அது மோனோ. ஸ்டீரியோவுக்காகப் புதிதாக டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப் வாங்கினேன். அதில் மாட்டினால் சத்தம் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. கூட்டினால் நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போது தொண்டை கட்டியது போல் கரகரக்கிறது. வால்வு கெட்டுவிட்டதா?

சாலிட்ஸ்டேட் சாமி (வெள்ளி, இரவு 10:05)

வால்வே கெட்ட விஷயம்தான். ஒரு ஆப்-ஆம்ப் ஐசி (பெருக்கிச் சில்லு) போட்டால் ஐந்து நிமிட வேலை. 250 வோல்ட்டை வைத்துக்கொண்டு எதற்கு விளையாட்டு?

கணக்குப்பிள்ளை (வெள்ளி, இரவு 10:31)

சாமி, நீங்கள் எல்லா இழையிலும் இதையேதான் சொல்கிறீர்கள்.

பள்ளத்தூராரே, புது ஆம்ப்பின் பின்பக்கத்தில் உள்ளீட்டு இம்பீடன்ஸ் (சிக்னலுக்கு அது காட்டும் தடை) எவ்வளவு என்று போட்டிருக்கும், பாருங்கள். 10 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்வோம். 0.1 மைக்ரோ ஃபாரட்டும் 10 கிலோ ஓமும் சேர்ந்தால் 159 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் சரியத் தொடங்கும். பாஸ் (கனத்த கீழ்ச்சத்தம்) போய்விடும், அதனால்தான் சத்தமும் குறைந்தது போல் தெரிகிறது. கண்டன்சரைப் பெரிதாக்குங்கள், தீர்ந்தது.

பள்ளத்தூரான் (சனி, காலை 6:50)

பார்த்தேன், 10 கிலோ ஓம்தான். ஆனால் அண்ணே, பாஸ் குறையவில்லையே. தவிலின் தொப்பி (கனத்த பக்கம்) சரியாகவே கேட்கிறது. மொத்தச் சத்தம்தான் குறைவு.

மைக்செட் மாமா (சனி, காலை 8:15)

கணக்குப்பிள்ளை கணக்கில் ஒரு வரவை விட்டுவிட்டார். கண்டன்சருக்கு இந்தப் பக்கம் இருக்கிற வால்வுக்கும் ஒரு ஓம் உண்டு. அதைச் சேர்க்காமல் கூட்டினால் தப்பான தொகைதான் வரும்.

நான் காரைக்குடி, கோட்டையூர், கானாடுகாத்தான் என்று சுற்றி ரேடியோவும் மைக் செட்டும் பழுது பார்த்தவன். வால்வைக் கையில் எடுத்துக் கழுத்தை ஆராய்வதற்கு முன், அது யாருக்கு வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் வால்வு நன்றாக இருக்கிறது. அதன் தலைமேல் சுமக்க முடியாத மூட்டையை வைத்திருக்கிறீர்கள். விவரமாகச் சாயங்காலம் எழுதுகிறேன், இப்போது ஒரு காதுகுத்துக்குப் போகிறேன்.

பேத்தி_இசிஇ (சனி, காலை 11:20)

மாமா, எழுதும்போது அடியிலிருந்து எழுத முடியுமா? கல்லூரியில் டிரான்சிஸ்டரில்தான் ஆரம்பிக்கிறார்கள். வால்வு ஒரு பத்தியோடு முடிந்துவிடுகிறது. ஒரு கண்ணாடிக் குழாய் எப்படி வோல்ட்டேஜைப் பெருக்குகிறது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

மைக்செட் மாமா (சனி, மாலை 6:45)

தாயி, பெருக்குவது குழாய் இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

டிரையோடுக்குள் மூன்று பேர். நடுவில் கேத்தோடு. அதற்குள்ளே ஹீட்டர் கம்பி எரிந்து அதைச் செந்தணல் நிறத்துக்குக் கொண்டுவருகிறது. கேத்தோடின் மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடு பூச்சு இருக்கும், சூடானால் அது எலெக்ட்ரான்களை உதிர்க்கும். வெளிச்சுற்றில் பிளேட், பாசிட்டிவ் வோல்ட்டேஜோடு அவற்றை இழுத்துக்கொண்டிருக்கும். இந்த இரண்டோடு நின்றிருந்தால் அது 1904-இல் ஃபிளெமிங் செய்த டையோடு. இரண்டு ஆண்டு கழித்து, 1906-இல், டி ஃபாரஸ்ட் நடுவே மூன்றாவது ஆளைக் கொண்டுவந்தார். அதுதான் கிரிட், கேத்தோடை ஒட்டினாற்போல் சுற்றிய மெல்லிய கம்பி.

கிரிட் கேத்தோடைவிடக் கொஞ்சம் நெகட்டிவாக இருந்தால் எலெக்ட்ரான்களைத் தடுக்கும். நம் ஊர்க் கண்மாய் மடையை நினைத்துக்கொள். பலகையைத் தூக்குகிறவனின் பலத்தில் வயல் நனைவதில்லை, கண்மாயில் தேங்கிய தண்ணீரில்தான் நனைகிறது. கிரிட் அந்தப் பலகை. 250 வோல்ட் சப்ளைதான் கண்மாய். கிரிட் கேத்தோடுக்கு மிகப் பக்கத்தில் இருப்பதால் அதில் 1 வோல்ட் அசைவது பிளேட்டில் 100 வோல்ட் அசைவதற்குச் சமம். ஈசிசி83-இன் மியூ 100 என்கிறார்களே, அது இதுதான். அமெரிக்கப் பெயர் 12ஏஎக்ஸ்7, இரண்டும் ஒரே வால்வு.

ஆனால் இதுவரை ஏறி இறங்கியது மின்னோட்டம்தான். அதை வோல்ட்டேஜாக்குவது பிளேட்டுக்கு மேலே இருக்கிற 100 கிலோ ஓம் ரெசிஸ்டர். பள்ளத்தூரார் சர்க்யூட்டில் சும்மா இருக்கும்போது 0.86 மில்லி ஆம்பியர் போல ஓடும். அந்த ரெசிஸ்டரில் 86 வோல்ட் விழும், பிளேட்டில் 164 நிற்கும். மீட்டர் வைத்தால் இதை ஒட்டித்தான் காட்ட வேண்டும். கேத்தோடில் 1.5 கிலோ ஓமில் ஏறத்தாழ 1.3 வோல்ட் விழுகிறது. கிரிட் எர்த்தோடு சேர்ந்து பூஜ்யத்தில் இருக்கிறது. ஆக, கேத்தோடின் கண்ணுக்குக் கிரிட் 1.3 வோல்ட் நெகட்டிவ். இந்த நெகட்டிவுக்குத்தான் பயாஸ் என்று பெயர். அதற்குத் தனியாக சப்ளை வேண்டாம், வால்வு தனக்குத்தானே கடிவாளம் போட்டுக்கொள்கிறது. இணையாக இருக்கிற 22 மைக்ரோ ஃபாரட், பாட்டு ஓடும்போதும் அந்த 1.3 ஆடாமல் பிடித்துக்கொள்ளும். அதைக் கழற்றினால் பெருக்கம் ஏறத்தாழ பாதியாகும்.

இப்போது கிரிட் 0.1 வோல்ட் ஏறினால் மின்னோட்டம் கூடும், ரெசிஸ்டரில் அதிகம் விழும், பிளேட் 5.5 வோல்ட் கீழே இறங்கும். ஏறினால் இறங்கும், இறங்கினால் ஏறும், தலைகீழ். பெருக்கம் 55. மியூ 100 இருந்தும் ஏன் 55? வால்வின் உள்ளே இருக்கிற தடையும் வெளியே இருக்கிற 100 கிலோ ஓமும் அந்த நூறைப் பங்கு போட்டுக்கொள்வதால். இந்த மின்னோட்டத்தில் உள்தடை 75, 80 கிலோ ஓம் இருக்கும்.

இனி பள்ளத்தூரார் கேள்வி. வெளியிலிருந்து பார்த்தால் அந்த உள்தடையும் 100 கிலோ ஓமும் இணையாகத் தெரியும். 40 கிலோ ஓம் சொச்சம். ஐயாவின் ஆம்ப்பில் அடுத்து இருப்பது இன்னொரு வால்வின் கிரிட், 470 கிலோ ஓமோ 1 மெகா ஓமோ கீழே கட்டியிருப்பார்கள். 40-க்கு அது சுமையே இல்லை. புது ஆம்ப் 10 கிலோ ஓம். 40-க்கு அடுத்து 10 நின்றால் மொத்தத்தில் ஐந்தில் ஒன்றுதான் அந்த 10-இன் தலையில் வரும். நீங்கள் காதால் சொன்ன "ஐந்தில் ஒரு பங்கு" மீட்டர் வைத்தது போல் சரி.

கரகரப்புக்கும் அதே காரணம். 100 கிலோ ஓமோடு 10 சேர்ந்து பாட்டுக்கு உண்டான சுமை 9 கிலோ ஓமாகிவிட்டது. மின்னோட்டம் 0.86-இலிருந்து பூஜ்யம் வரை போனாலும் 8 வோல்ட்கூட ஏற முடியாது. முன்பு அந்தப் பக்கம் 80 வோல்ட்டுக்கு மேல் இடம் இருந்தது. குறுகிய சந்தில் தேரை இழுத்தால் இடிக்கத்தானே செய்யும்.

கணக்குப்பிள்ளை (சனி, இரவு 7:30)

ஒப்புக்கொள்கிறேன். 0.1 மைக்ரோ ஃபாரட் பார்ப்பது 10 இல்லை, 40-ம் 10-ம் சேர்ந்த 50 கிலோ ஓம். அப்படியானால் 32 ஹெர்ட்ஸ். தவில் தப்பித்தது அதனால்தான்.

பேத்தி_இசிஇ (சனி, இரவு 8:02)

புரிந்தது மாமா! ஆனால் அந்தக் காலப் புத்தகக்காரர்கள் தப்பாகவா போட்டார்கள்?

மைக்செட் மாமா (சனி, இரவு 8:40)

தப்பே இல்லை. அவர்கள் ஊரில் அடுத்த வீடும் வால்வு வீடுதான். டிரான்சிஸ்டர்காரர் குடிவருவார் என்று அவர்களுக்குத் தெரியாது.

தீர்வு சொல்கிறேன். ஒரு சேனலுக்கு ஒரு முழு வால்வு வையுங்கள். முதல் பாதி இப்போது இருக்கிற மாதிரியே பெருக்கட்டும். இரண்டாம் பாதி கேத்தோடு ஃபாலோயர். முதல் பாதியின் பிளேட்டை, 1-ஆம் காலை, நேராக இரண்டாம் பாதியின் கிரிட்டுக்கு, 7-ஆம் காலுக்கு இணையுங்கள், நடுவில் கண்டன்சர் வேண்டாம். 6-ஆம் கால் பிளேட் நேராக 250 வோல்ட்டுக்கு. 8-ஆம் கால் கேத்தோடு ஒரு ரெசிஸ்டர் வழியாக எர்த்துக்கு. வெளியீடு அந்தக் கேத்தோடிலிருந்து.

இது பெருக்காது, ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவாகவே தரும். கிரிட் போகிற இடத்துக்கெல்லாம் கேத்தோடும் பின்னாலேயே போகும், பெயரே அதனால்தான். சுமை கேத்தோடைக் கீழே இழுத்தால் கிரிட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவே வித்தியாசம் மாறி வால்வு உடனே அதிக மின்னோட்டம் விட்டுத் தூக்கிவிடும். வெளியீட்டுத் தடை 40 கிலோ ஓமிலிருந்து 600 ஓம் பக்கம் வந்துவிடும்.

என் யோசனை ஈசிசி82, அதாவது 12ஏயூ7. கால்கள் ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்தும், ஹீட்டரும் அதேதான். சிடி பிளேயர் 2 வோல்ட் தருகிறது, பவர் ஆம்ப்புக்கு 1 வோல்ட் போதும். இதற்கு நடுவில் 55 மடங்கு எதற்கு? ஈசிசி82-இல் 13, 14 மடங்கு வரும், அதுவே அதிகம்.

ஈசிசி83-ஐத்தான் போடுவேன் என்றால் ஃபாலோயர் கேத்தோடில் 100 கிலோ ஓம் வரும், அங்கே 165 வோல்ட் நிற்கும். ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் நடுவே பிலிப்ஸ் கம்பெனியின் வால்வு விவர ஏட்டில் 180 வோல்ட்தான் எல்லை. டிரான்ஸ்ஃபார்மரின் ஹீட்டர் வைண்டிங்கை நேராக எர்த் செய்யாமல் 60 வோல்ட் மேலே தூக்கி வையுங்கள்.

இன்னொன்று. சுவிட்ச் போட்டவுடன் வால்வு குளிர்ந்திருக்கும், முதல் பாதி ஓடாது, ஃபாலோயரின் கிரிட் முழு 250-க்குப் போய்விடும், கேத்தோடோ பூஜ்யத்தில். உள்ளே பொறி பறக்கலாம். கிரிட்டிலிருந்து கேத்தோடுக்கு ஒரு 1என்4007 டையோடு, கோடு போட்ட பக்கம் கேத்தோடு பக்கம். ஓடும்போது அது சும்மா இருக்கும்.

கை வைப்பதற்கு முன் சப்ளை கண்டன்சர் குறுக்கே 220 கிலோ ஓம் ஒன்று நிரந்தரமாக இருக்கட்டும். பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிஷம் கழித்து மீட்டரில் பார்த்துவிட்டுத் தொடுங்கள். இன்னொரு கை சட்டைப்பையில். இதில் சாமி சொல்வதை நான் மறுக்க மாட்டேன், 250 வோல்ட் டிசி உயிருக்கே ஆபத்து.

பள்ளத்தூரான் (ஞாயிறு, காலை 7:10)

மாமா, ஒரு சங்கடம். ஆர்வக்கோளாறில் இன்னொரு ஈசிசி83 ஏற்கெனவே வாங்கிவிட்டேன். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் போட்ட பழைய சரக்கு, உச்சிக் கண்ணாடியில் வெள்ளிப் பூச்சு பளபளவென்று இருக்கிறது. வீணாக்க மனம் வரவில்லை. அதையே போட்டுப் பார்க்கிறேன்.

மைக்செட் மாமா (ஞாயிறு, காலை 7:25)

வெள்ளிப் பூச்சு பளபளத்தால் வெற்றிடம் பத்திரம். காற்று புகுந்தால் அது பால்வெள்ளையாகிவிடும். போட்டுப் பாருங்கள். பட்டால்தான் தெரியும்.

பள்ளத்தூரான் (அடுத்த சனி, மாலை 5:30)

கட்டிவிட்டேன். டையோடு, ஹீட்டர் தூக்கியது எல்லாம் சொன்னபடி. ஃபாலோயர் கேத்தோடில் 167 வோல்ட்.

நல்ல செய்தி: கரகரப்பு போயே போச்சு. சத்தம் பிய்த்துக்கொண்டு வருகிறது. கெட்ட செய்தி இரண்டு. இப்போதுதான் பாஸ் காணாமல் போனது! தவில் டப்பா தட்டுவது போல் இருக்கிறது. அப்புறம் குமிழ் நடுவாக்கில் வரும்போது தாளச் (ஜால்ரா) சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருகிறது. இது ஐயாவின் ஆம்ப்பிலும் இருந்தது, அது அந்தப் பெட்டியின் குணம் என்று நினைத்திருந்தேன்.

கணக்குப்பிள்ளை (சனி, மாலை 5:41)

ஆகா! வெளியீட்டில் அதே 0.1 மைக்ரோ ஃபாரட்தானே வைத்திருக்கிறீர்கள்?

இப்போது வால்வு பக்கம் 40 கிலோ ஓம் இல்லை, 600 ஓம். கண்டன்சர் பார்ப்பது 10.6 கிலோ ஓம். 150 ஹெர்ட்ஸ். போன வாரம் தப்பாகச் சொன்ன என் கணக்கு இந்த வாரம் சரியாகிவிட்டது. 2.2 மைக்ரோ ஃபாரட், 400 வோல்ட் ஃபிலிம் கண்டன்சர் போடுங்கள், 7 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும்.

மைக்செட் மாமா (சனி, இரவு 7:15)

கணக்குப்பிள்ளைக்கு ஒரு இளநீர் என் கணக்கில்.

நானும் இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். 2.2 போட்டபின் வெளியீட்டிலிருந்து எர்த்துக்கு ஒரு 1 மெகா ஓம் கட்டுங்கள். பிரீ-ஆம்ப் சூடாகிற ஒரு நிமிஷத்தில் அந்தக் கண்டன்சர் வழியாக ஒரு பெரிய தள்ளு வரும். பவர் ஆம்ப்பைக் கடைசியில் போடுங்கள், முதலில் அணையுங்கள்.

போர்வை விஷயம் மில்லர் விளைவு. கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே 1.6 பிகோ ஃபாரட் இயற்கையாகவே உண்டு. பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் கிரிட் 1 வோல்ட் ஏறும்போது பிளேட் 55 இறங்குகிறதே, அந்தச் சின்னக் கண்டன்சரின் இரு முனைக்கும் நடுவே 56 வோல்ட் மாறுகிறது. கிரிட்டுக்கு அது 56 மடங்கு பெரிதாகத் தெரியும். வயரிங்கும் சேர்த்து 110 பிகோ ஃபாரட் வைத்துக்கொள்ளுங்கள். 500 கிலோ ஓம் வால்யூமை மின்னளவில் சரிபாதியில் வைத்தால் அது 125 கிலோ ஓம் மூலமாக நிற்கும். இரண்டும் சேர்ந்து 11,500 ஹெர்ட்ஸ் பக்கமே மேல்ஸ்தாயியைச் சாய்த்துவிடும்.

பேத்தி_இசிஇ (சனி, இரவு 7:50)

அப்படியென்றால் போன வாரம் 10 கிலோ ஓம் சுமையோடு பெருக்கம் 11-ஆகக் குறைந்திருந்தபோது மில்லரும் குறைந்திருக்கும். அதனால் அப்போது போர்வை இல்லை. சரிதானே?

மைக்செட் மாமா (சனி, இரவு 8:05)

சபாஷ். ஒன்றைச் சரிசெய்ததால் ஒளிந்திருந்த மற்ற இரண்டும் வெளியே வந்தன.

சாலிட்ஸ்டேட் சாமி (சனி, இரவு 8:30)

மேல்ஸ்தாயி பற்றி ஒரு வார்த்தை, இதில் ஐசி இல்லை. இவர் கேட்கிற இடம் ஆத்தங்குடிக் கல் தரையும் முட்டைப்பூச்சுச் சுவரும் உள்ள பட்டாலை. கண்ணாடி மாதிரி வழவழப்பு, உயர்ந்த கூரை. அங்கே எந்தச் சத்தமும் துள்ளித் திரும்பும். மில்லரைத் திருத்திய பிறகு சுருதி காதைக் குத்துகிறது என்று அடுத்த இழை வரும். தரையில் ஒரு ஜமுக்காளம் விரித்துக் கேட்கச் சொல்லுங்கள்.

மைக்செட் மாமா (சனி, இரவு 8:44)

சாமி வாயில் சர்க்கரை. கல்யாண வீட்டில் கூட்டம் உட்காரும் முன் மைக் சோதித்தால் கத்தும், உட்கார்ந்தபின் அடங்கும். ஆளும் துணியும் குடித்துவிடும்.

பள்ளத்தூரான் (மறு புதன், இரவு 9:20)

தோற்றேன் மாமா. 2.2 போட்டதும் தவில் திரும்பி வந்தது. ஆனால் 55 மடங்கில் குமிழை மயிரிழை திருப்பினால் வீடு அதிர்கிறது, அப்பத்தா வைகிறார். ஈசிசி82 இரண்டு வாங்கி வந்துவிட்டேன். பிளேட்டில் 47 கிலோ ஓம், கேத்தோடில் 1.2 கிலோ ஓம், ஃபாலோயரில் 33 கிலோ ஓம், சரியா? வால்யூமும் 100 கிலோ ஓமாக மாற்றிவிட்டேன்.

மைக்செட் மாமா (புதன், இரவு 9:50)

சரி. 3 மில்லி ஆம்பியர் ஓடும், முதல் பிளேட்டில் 110 வோல்ட் பக்கம் நிற்கும். ஃபாலோயர் கேத்தோடு அதைவிடச் சில வோல்ட் மேலே. ஹீட்டர் எல்லைக்கு இனி பயமில்லை. பயாஸ் 3.6 வோல்ட் இருப்பதால் சிடி பிளேயரின் 2 வோல்ட், உச்சத்தில் 2.8, முழுசாக வந்தாலும் கிரிட் பாசிட்டிவுக்குப் போகாது. ஈசிசி83-இன் 1.3-இல் அது முட்டியிருக்கும்.

பள்ளத்தூரான் (வெள்ளி, இரவு 10:15)

மாற்றினேன். பிளேட் 112, ஃபாலோயர் கேத்தோடு 117. ஜமுக்காளமும் விரித்தேன். குமிழ் இப்போது கடிகார முள் கணக்கில் 9 மணியிலிருந்து 1 மணி வரை பொறுமையாகப் போகிறது. தாளம் போர்வையை உதறிவிட்டது.

ஒரு சின்ன குறை. பாட்டு இல்லாதபோது ஸ்பீக்கரில் காது வைத்தால் "ம்ம்ம்" என்கிறது.

மைக்செட் மாமா (வெள்ளி, இரவு 10:30)

கனமான முனகலா, கொஞ்சம் மேலே நிற்கும் ரீங்காரமா? 50 ஹெர்ட்ஸ் என்றால் ஹீட்டர் வயர் அல்லது எர்த் வளையம் (எர்த் இரண்டு வழியாகச் சேர்ந்து சுற்றாவது). இரண்டு ஹீட்டர் வயரையும் இறுக முறுக்கிச் சேசிஸ் மூலையோரமாகக் கொண்டுபோங்கள். 100 ஹெர்ட்ஸ் என்றால் சப்ளை வடிகட்டு போதவில்லை.

பள்ளத்தூரான் (சனி, காலை 7:00)

போனில் டியூனர் வைத்துப் பார்த்தேன். 100.

மைக்செட் மாமா (சனி, காலை 7:20)

சப்ளை வரும் வழியில் 1 கிலோ ஓம், 2 வாட் ஒன்று, அதற்குப் பின் 47 மைக்ரோ ஃபாரட், 350 வோல்ட் ஒன்று கூடுதலாகப் போடுங்கள். 100 ஹெர்ட்ஸில் அந்தக் கண்டன்சர் 34 ஓம்தான், ரீங்காரம் முப்பதில் ஒன்றாகும். இரு சேனலுக்கும் சேர்த்து 13 மில்லி ஆம்பியர், 13 வோல்ட் இழப்பீர்கள். போகட்டும்.

பள்ளத்தூரான் (சனி, மாலை 4:40)

போயிற்று மாமா. மின்விசிறி சத்தம்தான் இப்போது பெரிதாகக் கேட்கிறது.

கணக்குப்பிள்ளை (சனி, மாலை 5:05)

அப்போ அந்த ஈசிசி83 இரண்டும் சும்மாதானே கிடக்கின்றன? தேவகோட்டை வரை பேருந்துச் செலவு என்னுடையது.

பள்ளத்தூரான் (சனி, மாலை 5:12)

தர மாட்டேன். சாமான் அறையில் ஐயாவின் இசைத்தட்டுப் பெட்டி அகப்பட்டிருக்கிறது. தட்டு பிளேயருக்குத்தான் அந்த வால்வு.

மைக்செட் மாமா (சனி, மாலை 5:30)

அதுதான் அதற்கு உரிய இடம். ஊசியிலிருந்து வருவதே 5 மில்லி வோல்ட், அங்கே பெருக்கம் எவ்வளவு இருந்தாலும் தகும். ஆனால் அதில் ஆர்ஐஏஏ சமன்பாடு (தட்டில் பதியும்போது குறைத்த பாஸையும் கூட்டிய மேல்ஸ்தாயியையும் சரிக்கட்டுவது), ஊசிக்கு 47 கிலோ ஓம், இன்னும் நூறு சங்கதி. தனி இழை தொடங்குங்கள், பெட்டியில் இருப்பவை 78 சுற்றுத் தட்டா, எல்பி-யா என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள்.